தண்ணி டிபார்ட்மெண்ட்

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. உண்மையைப் பாதியோடு நிறுத்திவிடுவார். அதைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

எங்கள் கம்பெனி பெங்களூருக்கு வெளியே இருக்கிற பிராந்தி, விஸ்கி கம்பெனி. நான் அங்கே பாட்டில் கழுவுகிற லைனில் வால்வு பார்க்கிற ஆள். தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அவர் அதே கம்பெனியில் அதிகாரி. தண்ணீர்ச் செலவும் பாய்லர் புகையும் குறைகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அந்தப் பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. யாரும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவையும் கையில் குடையுமாக ஸ்கூல் டீச்சர் மாதிரி இருப்பார். அதனால் எல்லோரும் 'மிஸ்' என்றார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு எடுப்பார். அதனால் அங்கேயும் மிஸ்தான்.

சபையில் யாருக்கும் அவர் எங்கே வேலை செய்கிறார் என்று தெரியாது. கேட்டால், "தண்ணி டிபார்ட்மெண்ட்" என்பார். கேட்டவர்கள் குடிநீர் வாரியம் என்று நினைத்துக்கொள்வார்கள். தண்ணி பில்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள். மீட்டர் ஏன் தாறுமாறாக ஓடுகிறது என்று கேட்பார்கள். அவருக்கு மீட்டர் பற்றி நன்றாகத் தெரியும் என்பதால் பொறுமையாக விளக்கிச் சொல்லி அனுப்புவார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

சபைக் கமிட்டியில் ஒரு மூப்பர் இருந்தார். ரயில்வேயில் ரிடையர் ஆனவர். குடிக்கிறவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். பிராந்தி கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவர் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறார் என்று தெரிந்தால் அந்த வாரமே வகுப்பு போய்விடும். அந்த வகுப்பு இல்லாவிட்டால் மிஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. வீடு, பஸ், கம்பெனி, வீடு. அவ்வளவுதான்.

கம்பெனி பஸ் சபை வாசலில்தான் முதலில் நிற்கும். அங்கே ரோடு அகலம். ஆனால் பஸ்ஸின் பக்கவாட்டில் கம்பெனி பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். அதனால் அவர் அங்கே ஏறமாட்டார். ரயில்வே பாலம் வரைக்கும் நடந்து வந்து, ஜீவனஹள்ளிக்காரனான நான் நிற்கிற முனையில் நிற்பார். மழையிலும் நடப்பார், வெயிலிலும் நடப்பார். சாயங்காலமும் என்னோடு பாலத்திலேயே இறங்கித் திரும்ப நடப்பார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காருவோம். இரண்டு பேரும் பேசமாட்டோம். இப்படி ஒரு வருஷம் போன பிறகு, தைரியம் வந்து நானே கேட்டேன்.

"மிஸ், சபையில யாராச்சும் எந்தத் தண்ணி டிபார்ட்மெண்ட்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"சொல்லிடுவேன் தம்பி," என்றார். "கேக்கணுமே."

புது வருஷத்துக்குக் கம்பெனியில் ஆளுக்கு ஒரு பாட்டில் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். மிஸ் தன் பெட்டியைப் பஸ்ஸிலேயே என்னிடம் தந்துவிடுவார். "இது பாலத்துக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது," என்பார். எனக்குப் பழக்கம் இல்லை. நான் அதை மச்சானிடம் கொடுத்துவிடுவேன். மச்சான் மிஸ்ஸைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்மேல் பெரிய மரியாதை வைத்திருந்தான். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஒருமுறை சொன்னபோது, டிசம்பருக்குள் சரியாகிவிடுமா என்று கேட்டான்.

சபையில்தான் இந்தப் பாதிக் கணக்கு. கம்பெனியில் அவர் முழுசாகப் பேசுவார். அதுதான் அங்கே பிரச்சினை.

பாய்லருக்கு அப்போது பர்னஸ் ஆயில் எரித்துக்கொண்டிருந்தோம். அதை நிறுத்திவிட்டு, நெல் உமியை அழுத்திச் செய்கிற உமிக்கட்டைக்கு மாற வேண்டும், தண்ணீர்ச் செலவையும் குறைக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. ஆட்களுக்கு விளக்கிச் சொல்லும்படி மேனேஜர் அவரை கேன்டீனில் நிறுத்தினார். ஆட்களில் பாதிப்பேர் கன்னடக்காரர்கள், பாதிப்பேர் தமிழர்கள். இரண்டிலும் பேச வேண்டும்.

முதலில் கன்னடத்தில், "நாவு எண்ணெ கம்மி மாட்பேக்கு," என்றார். எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். பெங்களூர்க் கன்னடத்தில் சரக்குக்கும் எண்ணெ என்றுதான் பெயர். கூட்டம் சிரித்தது.

"எண்ணெய கொறைச்சுட்டா கம்பெனி எத விக்கும் மிஸ்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தமிழுக்கு மாறி, "தண்ணியையும் கம்மி பண்ணணும்," என்றார். இந்தத் தடவை தமிழர்கள் சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பாஷையிலும் வார்த்தைகளைக் குடிகாரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதை அவர் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும்.

"கடைசியா கார்பன்," என்றார். "கார்பன்னா கரி. கரிய கொறைக்கணும்."

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் வாயில் கரிக்கும் கறிக்கும் ஒரே சத்தம். புதன்கிழமை கேன்டீனில் போடுகிற கோழிக்கறியை நிறுத்தப்போகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் எல்லா ஷிஃப்டுக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் மத்தியானம் யாரும் தட்டைத் தொடவில்லை. யூனியன்காரர் மிஸ்ஸைத் தேடி வந்தார்.

"தண்ணிய கொறைங்க, எண்ணெய கொறைங்க, நாங்க வாயத் தொறக்கல. கறில கைவெச்சா சும்மா இருக்க மாட்டோம் மிஸ்."

"நான் சொன்னது அந்தக் கறி இல்லீங்க. அடுப்புக் கரி."

"அப்ப கோழி உண்டு?"

"உண்டு."

"கோழிய நிறுத்தினா உங்க கார்பன் ஒண்ணும் கொறையாதுல்ல? அத ஒரு வார்த்த சொல்லிடுங்க, போய் சாப்புட சொல்றேன்."

'குறையாது' என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மிஸ் யோசித்தார்.

"கொறையும்," என்றார். "கொஞ்சம் கொறையும். ஆனா நான் அதக் கேக்கல."

அந்தக் 'கொறையும்' என்ற ஒரு வார்த்தையால் இன்னும் ஒரு வாரம் பஞ்சாயத்து ஓடியது. கடைசியில் மேனேஜர் வந்து புதன்கிழமையோடு வெள்ளிக்கிழமையும் கோழி போடுவதாக அறிவித்தார். பாய்லரில் கரி குறைவதற்கு முன்னால் கேன்டீனில் கறி கூடிவிட்டது.

இன்னொரு முறை, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். மேனேஜர் வாசலில் மாட்ட ஒரு பெரிய போர்டு எழுதவைத்திருந்தார். 'வீணாகும் தண்ணீர்: ஜீரோ.' மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "போர்டு மாட்டலாம் சார். ஜீரோ வேணாம்," என்றார்.

"மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் போட்டிருக்காங்கம்மா."

"அவங்ககிட்ட ஜீரோ இருக்கும் சார். நம்மகிட்ட இல்ல. லைன்ல கடைசிக் கழுவல் தண்ணி அப்படியே சாக்கடைக்குப் போவுது."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் தண்ணீர்க் கணக்கில் கையெழுத்துப் போட வேண்டியவர் மிஸ். பெயிண்டர் வந்து 'ஜீரோ'வை அழித்தார். வேறு என்ன எழுதுவது என்று முடிவாவதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். 'வீணாகும் தண்ணீர்:' என்று மட்டும் இருந்த போர்டின் கீழே நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் மிஸ் என் லைனுக்கு வந்தார். கடைசிக் கழுவல் தண்ணீர் விழுகிற இடத்தில் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, கையில் பிடித்துப் பார்த்தார்.

"இது அழுக்கா தம்பி?"

"இல்ல மிஸ். பாட்டில் ஏற்கெனவே கழுவினதுதான."

"அப்ப ஏன் அழுக்கோட போவுது?"

நான் பல வருஷமாக அந்த வால்வைத் திறந்து மூடுகிறவன். தண்ணீர் போகிற இடத்துக்குப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அந்தத் தண்ணீரைத் தனியாக ஒரு தொட்டிக்குத் திருப்பி, மறுபடி முதல் கழுவலுக்குக் கொண்டுவரச் செய்தார். அதற்கே மேனேஜரிடம் மாதக்கணக்கில் மல்லாட வேண்டியிருந்தது. ஒருவழியாகக் குழாய் போட்டு முடிந்ததும் எங்கள் லைன் முன்னால் குடித்ததில் பாதித் தண்ணீரைத்தான் குடித்தது. அதனால், லைனுக்கென்று மழைத்தண்ணீர் பிடித்து வைத்து, சுத்தம் பண்ணுகிற பெரிய தொட்டி எப்போதும் நிறைந்தே இருந்தது.

பிறகு அந்தக் கோடை வந்தது. ஊரில் போர்வெல் எல்லாம் வற்றிப்போன கோடை. ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தில் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் கார் வைத்திருக்கிறவர்கள்கூடக் குடத்தோடு நின்றார்கள். சபையில் வாராவாரம் தண்ணீருக்காக ஜெபம் பண்ணினார்கள். ஜெபம் முடிந்ததும் நேராக மிஸ்ஸிடம் வருவார்களாம்.

"எங்க தெருவுக்கு எப்பம்மா தண்ணி விடுவீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

அது முழு உண்மை. ஆனால் வாரியத்துக்காரர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அவர்களுடைய நம்பிக்கை இன்னும் உறுதியானது. இதை பஸ்ஸில் சொன்னபோது மிஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தொட்டி நெறைய தண்ணி வெச்சிருக்கேன் தம்பி," என்றார். "வாயத் தொறந்து சொல்ல முடியல."

கம்பெனிக்கும் நல்ல பெயர் வேண்டியிருந்தது. தொட்டியில் மிஞ்சுகிற தண்ணீரை லாரியில் ஊருக்கு அனுப்பலாம், ஆட்கள் குடியிருக்கிற இடமாகப் பார்த்து அனுப்பலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். எந்த ஏரியா என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். மிஸ் தன் ஏரியாவைச் சொல்லவில்லை. நான் ஜீவனஹள்ளி என்றேன். ஞாயிற்றுக்கிழமை லாரி புறப்பட்டது. வார நாட்களில் எங்கள் பஸ்ஸை ஓட்டுகிற டிரைவர்தான் அதையும் ஓட்டினார். குழாய் பிடிக்க நான் கூடப் போனேன்.

எங்கள் சந்துக்குள் அந்த லாரி நுழையாது. டிரைவர் இரண்டு தடவை முயற்சி செய்தார். ஒரு வீட்டுச் சன்ஷேடில் இடித்த பிறகு, "பஸ் மொதல்ல நிக்கிற எடத்துலயே நிறுத்துறேன், ஜனங்கள அங்க வரச்சொல்லு," என்றார். பஸ் முதலில் நிற்கிற இடம் சபை வாசல். ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம்.

லாரியின் இரண்டு பக்கமும் பேனர் கட்டியிருந்தார்கள். கம்பெனி பெயர் பெரிதாக, அதன் கீழே சின்னதாக 'குடிநீர்' என்று. எங்கள் விளம்பரங்களில் எப்போதும் அப்படித்தான் போடுவார்கள். சரக்குக்கு விளம்பரம் போடக் கூடாது என்பதால் குடிநீர் என்று போடுவது வழக்கம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது.

எங்கள் சந்துக்காரர்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள். சபைக்காரர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் மிஸ் வந்தார். டிரைவர் அவரைப் பார்த்ததும் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார். மிஸ் தரையைப் பார்த்தார். தூக்கிய கையால் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

மூப்பர் படியிறங்கி வந்து பேனரைப் படித்தார்.

"இது பிராந்தி கம்பெனி லாரி. இங்க நிக்கக் கூடாது. எடு."

"நீரு சாமி, பரீ நீரு," என்றார் டிரைவர். "எண்ணெ அல்லா." வெறும் தண்ணீர்தான், சரக்கு இல்லை என்று அர்த்தம்.

"எதுவா இருந்தாலும் சபை வாசல்ல வேணாம். எடுப்பா வண்டிய."

எங்கள் பக்கத்து வீட்டில் பூக்கட்டுகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயா, போன வாரம் மைக் போட்டு தண்ணிக்கு ஜெபம் பண்ணீங்களே, எங்க சந்து வரைக்கும் கேட்டுச்சு. எந்த கம்பெனிலேர்ந்து அனுப்பணும்னு அதுல சொன்னீங்களா?"

சந்துக்காரர்கள் சிரித்தார்கள். மூப்பருக்கு வேர்த்துவிட்டது. டிரைவர் எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தார். சும்மா இருந்த குடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போட ஆரம்பித்தன. மூப்பர் திரும்பி மிஸ்ஸைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க வாரியத்துலதான இருக்கீங்க? ஒரு போன் போட்டு வாரியத்து லாரி வரவைங்க. இத அனுப்பிடலாம்."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். லாரி போனால் அவருடைய வகுப்பு பிழைக்கும், எங்கள் குடங்கள் காலியாகத் திரும்பும். அவர் ஒன்றும் பொய் சொல்ல வேண்டியதில்லை. 'ஞாயித்துக்கிழம யாரும் போன எடுக்க மாட்டாங்க' என்று சொன்னால் போதும். அதுவும் உண்மைதான்.

"நான் வாரியத்துல இல்லீங்க ஐயா," என்றார்.

"தண்ணி டிபார்ட்மெண்ட்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமாங்க." குடையால் லாரியைக் காட்டினார். "இந்தத் தண்ணி."

அதை எல்லோரும் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

"அப்ப இத்தன வருஷமா..." என்றார் மூப்பர்.

"இத்தன வருஷமாவும் இங்கதான் ஐயா. இது எங்க லைன்ல மிச்சம் பண்ண தண்ணி. நல்ல தண்ணி. நானே பரிசோதன பண்ணது. மொதல்ல ஜனங்கள பிடிக்க விடுங்க, அப்புறமா என்னக் கேளுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, ஜாயின்ட்ல ஒழுகுது," என்றார்.

நான் வால்வை மூடி ஜாயின்டை இறுக்கினேன். பிறகு திறந்தேன்.

முதல் குடம் பூக்கார அக்காவுடையது. மூப்பர் அதிலிருந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார். "வாசன ஒண்ணும் இல்ல," என்றபோது அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

மறுநாள் காலையில் நான் பாலத்து முனையில் நின்றேன். மிஸ் வரவில்லை. இனிமேல் வரவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தது. ஏறிப் பார்த்தால் அவர் ஏற்கெனவே தன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வைத்திருந்த இடத்திலிருந்து குடையை எடுத்தார்.

"சபை வாசல்லயே ஏறிட்டேன்," என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எவ்ளோ நடை வீணாக்கியிருக்கேன் பாருங்க," என்றார். தண்ணீரைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.

அந்த வாரம் கமிட்டி கூடியது. மிஸ் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அவருக்கு ஓய்வு தேவை என்று அதற்குமுன் யாருக்கும் தோன்றியதில்லை. அவர் சரி என்று சொல்லிவிட்டு வகுப்பு அலமாரிச் சாவியைக் கொடுத்தார்.

லாரியை மட்டும் யாரும் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மூப்பர் பாலத்து முனையில் காத்திருந்தார்; மிஸ்ஸையும் கைகாட்டி இறங்கவைத்தார். சபை வாசலில் கேட்க அவருக்குக் கூச்சம்.

"நாளைக்கும் வண்டி வரும்லம்மா? எங்க வீட்லயும் சம்ப் தொட்டி காலி. அந்த பேனர மட்டும் கழட்டிட சொல்லுங்க."

"கழட்டினா, எங்கேந்து வந்த தண்ணின்னு யாராச்சும் கேப்பாங்க. நீங்க என்ன சொல்வீங்க ஐயா?"

"கேட்டா பாத்துக்கலாம்மா."

"நானும் அப்படித்தான் இருந்தேன் ஐயா," என்றார் மிஸ்.

பேனர் அப்படியே இருந்தது. மழை வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் லாரி வந்தது. சபைக்காரர்கள் பேனரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தை மட்டும் நீட்டப் பழகிக்கொண்டார்கள். மிஸ் குடையோடு லாரி பக்கத்தில் நிற்பார். உள்ளே அவருடைய வகுப்பை வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. "கதவயாச்சும் சாத்தலாம்," என்றார். வகுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அதற்கடுத்த வருஷம் ரிடையர் ஆனார். உமிக்கட்டை பாய்லர் ஓட ஆரம்பித்திருந்தது. 'வீணாகும் தண்ணீர்:' போர்டு இன்னும் அப்படியேதான் இருந்தது. ரிடையர் ஆகிறவர்களுக்கு இருப்பதிலேயே விலை உயர்ந்த சரக்கை வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். மிஸ்ஸுக்கும் கொடுத்தார்கள். மேனேஜர் மாலை போட்டார். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாலம் வந்ததும் வழக்கம்போல் கையை நீட்டினேன். மச்சானிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன். மிஸ் தரவில்லை. நான் இறங்காமல், மாலைப் பையைத் தூக்கிக்கொண்டு சபை வாசல்வரை கூடவே போனேன்.

வாசலில் மூப்பர் நின்றிருந்தார். சாயங்கால ஜெபத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மிஸ் பஸ் படியில் நிதானமாக இறங்கினார்.

"கையில என்னம்மா பெட்டி?" என்றார் மூப்பர்.

"தண்ணிங்க ஐயா."

மூப்பர் தலையை ஆட்டிவிட்டு ஓர் அடி நடந்தார். பிறகு நின்று, திரும்பி வந்தார்.

"எந்தத் தண்ணி?"

மிஸ் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.